நூத்து நாப்பது வந்தா சொல்லு

– எவ்வளவு?

– இருங்க, இதைப் பிடிக்கவே பயமா இருக்கு.

– சூடு பாக்கிற துப்பாக்கிதானே… சுடவா போகுது?

– ஙொய்யின்னு காதுக்குள்ள கத்துற இந்தச் சனியனுக்குப் பக்கத்துல கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். பயப்படாம? ம்… எண்பத்து நாலு.

– எண்பத்து நாலா? நல்லாப் பாரு. எஞ்சின் தலை மேல தகடு தகடா இருக்கில்ல, அதுக்கு நடுவுல சிவப்புப் புள்ளி விழணும்.

– விழுந்திருக்கு. எண்பத்து நாலுதான். நான் என்ன கூட்டிக் குறைச்சா சொல்லப்போறேன்?

– சரி, ஊசிய இன்னும் ஒரு நூல் இறுக்கறேன். ரிமோட்ல இந்தக் குட்டிக் காரைச் சந்து முனை வரைக்கும் நாலு தடவை விட்டுட்டு மறுபடி பாக்கலாம். நூத்து நாப்பது வந்தா சொல்லு.

– நூத்து நாப்பதா? போன வருஷம் நூத்தஞ்சு, நூத்தஞ்சுன்னு தூக்கத்துல கூடப் புலம்புனீங்களே?

– இந்த வருஷம் வேற கணக்கு.

– என்ன கணக்கு?

– ரேஸ் நாளைக்கு. உனக்குக் கணக்குப் பாடம் நாளன்னிக்கு.

– அதெல்லாம் முடியாது. ஹால் பூரா திரைச்சீலைத் துணிய விரிச்சு, பாதி வெட்டுனபடியே போட்டுட்டு வந்திருக்கேன். விஷயம் என்னன்னு தெரியாம வேலை செஞ்சா எனக்குக் கை ஓடாது.

– உன் தம்பி ஒரு கேள்வி கேக்காம பிடிப்பான்.

– அவனையே கூப்பிட வேண்டியதுதானே?

– நாளைக்கு எனக்கு எதிர்ல ஓட்டறவன்கிட்ட என் எஞ்சின் சூட்டை நானே காட்டவா? மூணு வருஷமா தோத்தது போதாதா? இந்தத் தடவை என் பின் ரூம் வேற பந்தயத்துல இருக்கு.

– அதான் வீட்டுல சும்மா இருக்கிறவளைக் கூப்பிட்டீங்க.

– நீயா சும்மா இருக்கிறவ? அப்படிச் சொன்ன வாயில அடி… சொல்றேன், கேளு. இந்த ஊசி தெரியுதா? ஸ்க்ரூ மாதிரி. இதைத் திறந்தா ஃபியூயல் நிறையப் போகும். புகை கக்கும். வண்டி சோம்பேறியா ஓடும், ஆனா எஞ்சின் குளுகுளுன்னு இருக்கும். இறுக்கினா ஃபியூயல் கம்மி, காத்து ஜாஸ்தி. வண்டி பறக்கும். சூடும் ஏறும்.

– கம்மியாத் தின்னா வேகமா ஓடுமா? நல்ல பிறவிதான். உங்களுக்கு அந்தக் குணம் வரலையே.

– வாயைக் குறை. இதுல தண்ணி கிடையாது, ஃபேன் கிடையாது. ஃபியூயல்ல கலந்திருக்கிற எண்ணெய்தான் எஞ்சினுக்கு வழவழப்பும் குளுமையும். அதைக் குறைச்சா எப்படித் தாங்கும்?

– சரி, இறுக்கிக்கிட்டே போனா?

– கொஞ்ச நேரம் ராஜா மாதிரி ஓடும். அப்புறம் நின்னுடும்.

– செத்துடுமா?

– நிக்கிறது வேற, சாவறது வேற. நூத்து நாப்பதுகிட்ட தானா நிக்கும். ஆற வெச்சா மறுபடி கிளம்பும். அதுக்கும் மேல போனா உள்ள காய்ஞ்சு உரசி… அவ்வளவுதான். தூக்கிப் போட வேண்டியதுதான்.

– அப்ப நிக்கிற இடத்துக்கு எதுக்குப் போறீங்க? நூத்தஞ்சுல நிம்மதியா ஓட்ட வேண்டியதுதானே?

– விளிம்புலதான்மா வேகம் இருக்கு.

– ஓஹோ.

– என்ன ஓஹோ?

– ஒண்ணுமில்ல. ஓட்டுங்க… மெதுவா! மேல் வீட்டு வாத்தியார் ஜன்னலைச் சாத்தறார் பாருங்க.

– அவர் என்னைக்குத் திறந்தார்? …ம், வந்துடுச்சு. சிவப்புப் புள்ளிய அடி.

– எண்பத்தாறு.

– என்னது?

– எண்பத்தாறுங்க. ரெண்டு டிகிரி ஏறியிருக்கு. கை தட்டட்டுமா?

– இது எப்படி? இவ்வளவு இறுக்கியும் ஏறலையே… சத்தத்தைக் கேளு, கொசு மாதிரி கீச்சுன்னு மெலிஞ்சு போச்சு. இப்படிக் கத்தினா சூடு எகிறியிருக்கணும்.

– புகையையும் காணோமே. முதல்ல விட்டப்ப நீலமா ஒரு வால் மாதிரி பின்னாடியே வந்துச்சு.

– கவனிச்சியா?

– கண்ணு இருக்குல்ல. புகை போனா சூடு ஏறணும்னு இப்பதான் பாடம் எடுத்தீங்க. சூடு ஏறல. பாடம் தப்பா, வாத்தியார் தப்பா?

– இன்னும் ஒரு நூல் இறுக்கிப் பாக்கறேன்.

– இருங்க இருங்க! அவசரப்படாதீங்க. இஸ்திரி போடத் துணிக்குத் தெளிக்கிற தண்ணி பாட்டில் இங்கதான் இருக்கு. ஒரு சொட்டு விடட்டுமா?

– எஞ்சின் மேலயா?

– தலையில மட்டும். இஸ்திரிப் பெட்டிய நான் அப்படித்தான் பாப்பேன். பட்டுத்துணி சூட்டுல சொட்டு கொஞ்ச நேரம் நின்னு கொதிக்கும். கெட்டித்துணி சூட்டுல விழுந்த உடனே காணாமப் போயிடும்.

– ரேஸ்காரனுங்க எச்சில் துப்பிப் பாப்பானுங்க. அதேதான் இது. சரி, விடு.

– ச்சுய்… அம்மாடி! பாத்தீங்களா? தொட்டதும் போயே போச்சு.

– ம்.

– என்ன ம்? எண்பத்தாறுல தண்ணி கொதிக்கவே கொதிக்காதுங்க. நூறு வேணும். இது நூறையும் எங்கயோ தாண்டி நிக்குது. உங்க துப்பாக்கி புளுகுது.

– புதுத் துப்பாக்கிடி. போன வாரம் கூட நல்லாக் காட்டுச்சு. இந்தா, என் நெத்தியில அடி.

– முப்பத்தஞ்சு. சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு மூளை சூடாகவே ஆகாது போல.

– சுவத்துல அடி.

– முப்பத்தொண்ணு. வெயில் படற பக்கம் முப்பத்தெட்டு. இதுவும் சரி. அப்ப எஞ்சினைப் பாத்தா மட்டும் ஏன் புளுகுது?

– அதானே… எஞ்சினை அணைக்கிறேன். அந்த வெட்டுத் துணிய எடு, புகைக்குழாய் வாயை மூடணும். ம், அணைஞ்சுடுச்சு.

– அடுப்புல தண்ணி கொதிக்க வைக்கிறேன், வாங்க.

– டீயா? இப்பவா?

– டீ இல்ல, பரீட்சை. கொதிக்கிற தண்ணி சூடு எவ்வளவுன்னு ஊருக்கே தெரியும். அதைப் பாத்து இது என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

– அட… ஆமா. வா வா.

– இந்த எவர்சில்வர் பாத்திரத்துல வைக்கிறேன். சீக்கிரம் கொதிக்கும்… தள்ளி நில்லுங்க, தோள் மேல ஏறிக்கிட்டு.

– கொதிச்சாச்சு பாரு. பாத்திரத்து வயித்துல அடி.

– நாப்பத்து மூணு!

– என்னது?

– நாப்பத்து மூணுங்க! தளதளன்னு கொதிக்குது, நாப்பத்து மூணுங்குது. கையை வைக்கட்டுமா பாத்திரத்துல?

– வெச்சுத் தொலைக்காதே. குடு, நான் அடிக்கிறேன். நாப்பத்தொண்ணு. நீ பக்கத்துல நின்னா ஒண்ணு, தள்ளி நின்னா ஒண்ணு காட்டுதே!

– ஏங்க… பாத்திரத்துல என் மூஞ்சி தெரியுது.

– அழகாத்தான் இருக்கு, அதுக்கு இப்ப என்ன?

– அய்ய, அது இல்ல. மூஞ்சி தெரியற மாதிரி என் மூஞ்சிச் சூடும் அதுல தெரியுதோ? பாத்திரம் தன் சூட்டைக் காட்டாம, எதிர்ல நிக்கிறவங்க சூட்டைத் திருப்பி அனுப்புதோ?

– கண்ணாடி மாதிரியா?

– பரண்லேர்ந்து அந்தக் கறுப்பு வாணலிய எடுங்க. அதுல மூஞ்சி தெரியாது. தண்ணிய அதுல மாத்துவோம்.

– கொதிக்க விடு… இப்ப அடி.

– தொண்ணூத்தேழு.

– அடேயப்பா!

– நான் சொல்லல?

– அப்ப கறுப்பா இருந்தாத்தான் ஒழுங்கா காட்டும்.

– கறுப்பாலயா, மங்கலா இருக்கிறதாலயா?

– ரெண்டும் ஒண்ணுதானே.

– எப்படி ஒண்ணாகும்? கறுப்புக் கண்ணாடி கூடப் பளபளக்கும்ல? இருங்க, என் சாக்பீஸைக் கொண்டு வர்றேன். துணியில கோடு போடறது, வெள்ளை. அதை எவர்சில்வர்ல தேய்ச்சுப் பாப்போம்.

– வெள்ளையா? வெள்ளைல நடக்கவே நடக்காது.

– நடந்தா?

– நடந்தா ராத்திரி பாத்திரம் பூரா நான் கழுவறேன்.

– சாட்சி யாரும் இல்லையேன்னு பாக்கறேன்… தள்ளுங்க. இப்படி ஒரு வட்டம், கெட்டியா. ஆச்சு. தண்ணிய மறுபடி இதுல ஊத்தி… கொதிக்குது. நீங்களே அடிங்க. வட்டத்துக்குள்ள.

– தொண்ணூத்தாறு… ஏய்! வட்டத்துக்கு வெளிய நாப்பத்து ரெண்டு. உள்ள தொண்ணூத்தாறு!

– பாத்திரம் தேய்க்கிற பொடி சிங்குக்குக் கீழ இருக்கு.

– ஒரே பாத்திரம், ஒரே தண்ணி… வெள்ளைச் சாக்பீஸ்! நீ எப்படிடி இதை யோசிச்சே?

– யோசிக்கல. பளபளப்பு போகுதான்னு பாத்தேன். இந்தத் துப்பாக்கிக்கு நிறம் முக்கியம் இல்ல, பளபளப்புதான் ஆகாது.

– அப்ப நம்ம எஞ்சின் தலை… போன வாரம் வரைக்கும் எண்ணெய் தீஞ்சு, பழுப்பேறித்தான் இருந்துச்சு. துப்பாக்கி ஒழுங்காக் காட்டுச்சு.

– அந்தத் தலைய நான்தாங்க தேய்ச்சேன்.

– தெரியும்.

– தெரியுமா? எப்ப?

– அன்னிக்கே. வண்டிப் பெட்டியத் திறந்தேன், புது மோதிரம் மாதிரி மின்னுது. இடுக்குல எல்லாம் பாத்திரப் பொடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பழைய டூத் பிரஷ்ஷாலதானே தேய்ச்சே?

– ஒரு மத்தியானம் பூரா. தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

– கல்யாணமானதுலேர்ந்து நீ அந்த வண்டியத் தொட்டதே இல்ல. அதை எடுத்தாலே மூக்கைப் பொத்திக்குவே. முதல் தடவையா நீயா தொட்டிருக்கே… கேட்டா கூச்சப்பட்டு இனிமே தொடாமப் போயிடுவியோன்னு இருந்தேன். நல்லாவும் இருந்துச்சு.

– நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? நான் தேய்ச்ச பளபளப்புல உங்க எஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கு. நாசமாப் போன புத்தி எனக்கு! ஒரு அழுக்கை அழுக்கா விடத் தெரியல.

– ஏய், சும்மா இரு. உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்பதான் தெரியுது. வா, சாக்பீஸை எடுத்துக்கிட்டு வா. தலையில பூசி உண்மையான சூட்டைப் பாத்துடுவோம்.

– ஊசியத் திறந்துட்டு ஓட்டுங்க.

– இல்ல, தொடாம அப்படியே ஓட்டணும். அப்பதான் எங்க நிக்குதுன்னு தெரியும். ரெண்டே ரவுண்டு.

– பயமா இருக்குங்க.

– எனக்குந்தான். பூசு. பிளக்கைச் சுத்தி… போதும். ஸ்டார்ட் கயித்தை இழுக்கறேன், தள்ளி நில்லு.

– என்ன இப்படிக் கத்துது? அழற மாதிரி இருக்கே.

– பேசாதே… ஒண்ணு… ரெண்டு… வந்துடுச்சு! அடி, சீக்கிரம்!

– நூத்து… நூத்து அம்பத்தொண்ணு!

– ஐயோ, தாண்டிடுச்சே! மூடு! துணிய வெச்சு மூடு!

– மூடிட்டேன்… அணைஞ்சுடுச்சு. ஏங்க, ஏதாவது ஆயிடுச்சா? ஏதாவது சொல்லுங்க.

– இரு. சக்கரத்தைக் கையால சுத்திப் பாக்கறேன். உள்ள தேஞ்சிருந்தா வழவழன்னு சுத்தும், பிடிப்பே இருக்காது…

– இருக்கா?

– இருக்கு. மேல வந்து பிடிக்குது. பொழைச்சுது. இன்னும் ரெண்டு ரவுண்டு விட்டிருந்தா…

– உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு?

– புகை.

– புகைதான் வரவே இல்லையே. சரி, விடுங்க. ஊசித் தலையில சிவப்புப் பொட்டு வெச்சிருக்கீங்கல்ல, போன வருஷத்து இடம். பேசாம அங்க கொண்டு போய் வைங்க. நூத்தஞ்சு வரும்.

– அவ்வளவு வேணாம். கொஞ்சமா திறந்தாப் போதும். நூத்து நாப்பதுக்குக் கொண்டு வந்துடலாம்.

– மறுபடி நூத்து நாப்பதா?

– சொன்னேனே, விளிம்புலதான்…

– நூத்து நாப்பதுல வண்டி தானா நிக்கும்னும் நீங்கதான் சொன்னீங்க.

– சொன்னேன்… கிட்டத்தட்ட…

– இப்ப ‘தாண்டிடுச்சே’ன்னு கத்துனீங்க. எதைத் தாண்டிடுச்சு?

– வாய்க்கு வந்தது கத்தினேன்.

– இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு வண்டி ஜெயிக்கணும்னு இறுக்கினீங்களா, நடுவுல நிக்கணும்னு இறுக்கினீங்களா?

– மூணாவது ரவுண்டுல நிக்கணும்னு.

– அடப்பாவி மனுஷா!

– நிக்கணும், ஆனா சாகக் கூடாது. அதுக்குத்தான் சூடு சரியாத் தெரிய வேண்டியிருந்துச்சு. எல்லார் கண்ணு முன்னாடியும் தானா நின்னுட்டா யாருக்கும் சந்தேகம் வராது. உன் தம்பிக்குக் கூட.

– எதுக்கு? தோத்தா வண்டியப் பரண்ல ஏத்திட்டு, பின் ரூமை எனக்குக் குடுத்துடறேன்னு அவனை வெச்சுக்கிட்டே பந்தயம் கட்டுனீங்களே, மறந்து போச்சா?

– அதுக்காகத்தான்.

– என்னது?

– நீ ஹால்ல முட்டி போட்டுக்கிட்டு வெட்டறே. போறவன் வர்றவன் எல்லாம் துணிய மிதிச்சுட்டுப் போறான். எனக்கு ஒரு ரூம் பூரா இந்த பொம்மை வண்டிக்கு. சும்மா எடுத்துக்கோன்னா நீ எடுத்துக்குவியா? ‘அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம், அதையும் பிடுங்கவா’ன்னு உங்க அம்மாகிட்ட போன்ல சொன்னது என் காதுல விழுந்துச்சு. தோத்துக் குடுத்தா வாங்கித்தானே ஆகணும்?

– கடவுளே…

– அதோட, அந்தப் பையையும் பாத்துட்டேன்.

– எந்தப் பை?

– பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சியே, பழுப்புத் துணி, பெரிய திரைச்சீலை. எடுத்து மோந்து பாத்தேன். இந்த வண்டிக்கு ஊத்தற நைட்ரோ ஃபியூயல் நாத்தம். போன மாசம் திரைச்சீலை தைக்கக் குடுத்த டாக்டரம்மா, நாத்தம்னு மூக்கைச் சுளிச்சுட்டுப் போனாங்களே, அதே மாதிரி இதையும் யாரோ வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நீ எங்கிட்ட சொல்லல. அவ்வளவு துணி, அவ்வளவு தையல்… என்னால வீணாப்போச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

– அதான் அன்னிக்குப் புரண்டு புரண்டு படுத்தீங்களா?

– சிரிக்காதே. நான் மனசு விட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

– சிரிக்காம? அதை யாரும் திருப்பிக் குடுக்கல. யாருக்கும் தைக்கவே இல்ல.

– அப்ப நாத்தம் எப்படி வந்துச்சு?

– நீங்க வேலைக்குப் போன பிறகு தினம் உங்க ரூம்ல கட்டிப் பாத்து அளவெடுத்தா, அதுல சோப்பு வாசனையா வரும்?

– என் ரூமுக்கா? அங்க இருக்கிறது ஒரே ஜன்னல், அதுவும் முழ அகலம். அவ்வளவு பெரிய துணி எதுக்கு?

– ஜன்னலுக்குன்னு யாரு சொன்னா? ரூமுக்கு நடுவுல, இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும். வாசனை தாண்டி வராம ரெட்டைத் துணியில தைச்சேன். ஜன்னல் பக்கம் என் மிஷின், கதவுப் பக்கம் உங்க வண்டி. நீங்க தோத்தா வாக்கு வாக்குன்னு வண்டியப் பரண்ல ஏத்திட்டு, பாதி ரூம் குடுத்தாலும் வாங்க மாட்டீங்க… அதுக்குத்தான் நீங்க ஜெயிக்கணும்னு, சுத்தமா இருந்தா நல்லா ஓடும்னு அந்தத் தலையத் தேய்ச்சேன். ஊசியத் திறங்க, சிவப்புப் பொட்டு வரைக்கும்.